மேல் வலது மூலையில் ஒரு தூசி

இந்த வாரத்து 'வாரப் படம்' என்னுடையதுதான் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் செய்தேன். பல் துலக்கிக்கொண்டே செய்த சபதம். வாயெல்லாம் நுரை. மனைவிக்குப் புரியவில்லை.

"என்னங்க, பல் வலியா?"

"ஒண்ணுமில்ல."

வீட்டில் என் பேச்சு பெரும்பாலும் இந்த அளவுதான்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். தப்புச் செய்தால் திருத்திச் சொல்ல வீட்டில் ஆள் இருந்ததில்லை. அதனால் எதையும் கையேடு படிக்காமல் தொட மாட்டேன். மிர்ரர்லெஸ் கேமரா வந்தபோதும் அப்படித்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், இரண்டு முறை, அடிக்கோடு போட்டுப் படித்தேன். கல்யாணத்துக்கு அப்படி ஒன்று யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அதையும் படித்திருப்பேன்.

வேலைக்காக இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. எங்களுக்கு இங்கே யாரையும் தெரியாது. அலுவலகத்தில் என்னை 'சிஸ்டம் நாலு' என்பார்கள். நான் உட்காரும் கம்ப்யூட்டரின் எண் அது. ஆகவே சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். 'கையடக்கக் கேமரா நண்பர்கள்' என்ற இணையக் குழுவில் நூற்று நாற்பது பேர். நடத்துபவர் ஒரு பல் டாக்டர். வாரம் ஒரு தலைப்பு கொடுத்து, சனிக்கிழமை ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பார். முப்பத்தோரு வாரமாக என் படங்களுக்கு வாரம் ஒரு கட்டைவிரல்தான் விழுந்தது. அதுவும் பல் டாக்டருடையது. அவர் எல்லாருக்கும் போடுவார்.

ஒரே ஒரு ஆறுதல், 'புதுசு' என்ற பெயரில் சேர்ந்திருந்த ஒரு புது உறுப்பினர். ஆணா பெண்ணா தெரியாது. "ஐயா, வெளிச்சம் பின்னாடி இருந்தா என்ன பண்றது?" என்று ஒரு வரி கேட்டால், நான் நாற்பது வரி எழுதுவேன். "ஐயா, நீங்க சொன்னா நல்லாப் புரியுது" என்று பதில் வரும். அந்த வரியை மறுபடி மறுபடி படிப்பேன். "என் பேட்டரி தானாகவே இறங்கிவிடுகிறது" என்று நான் குழுவில் புலம்பியபோது ஆறு பேர் ஆறு வைத்தியம் சொன்னார்கள். புதுசு மட்டும், "பாவம், பகல்ல தனியா இருக்குல்ல, அதுக்கும் போரடிக்கும்" என்று எழுதியிருந்தது.

மனைவிக்கும் சொல்லிக் கொடுக்காமல் இல்லை. ஒரு முறை சொல்லிக் கொடுத்தேன்.

"இங்க பாரு, எலக்ட்ரானிக் ஷட்டர். இப்ப உன்னை எடுத்தேன். சத்தம் கேட்டுதா?"

"கேக்கலயே."

"அதான் விஷயம். பக்கத்துல இருக்கிறவனுக்கே தெரியாது."

"பக்கத்துல ஆள் இருக்கிறதே சில பேருக்குத் தெரியாது," என்றாள்.

அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. வொயிட் பேலன்ஸ் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாரத் தலைப்பு: தனிமை. எனக்கென்றே கொடுத்தது போல் இருந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு காலி பெஞ்ச். ஃபோகஸ் வைப்பதற்குள் குடும்பமாக ஐந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். சாலையோரம் ஒற்றைச் செருப்பு கிடந்தது. குனிந்தேன். அதற்குள் சொந்தக்காரர் நொண்டிக்கொண்டே திரும்பி வந்து, "என்ன சார், என் செருப்புக்குப் போட்டோவா?" என்றார். தனிமையைத் தேடினால் ஊரே கூடவே வருகிறது. தேடாதபோது ஒரு ஈ காக்கைகூட வருவதில்லை.

கடைசியில் அது எங்கள் சமையலறையிலேயே கிடைத்தது. ஜன்னல் வெளிச்சம். ஒரு நாற்காலி.

"கொஞ்சம் எழுந்திரேன்."

"எதுக்குங்க?"

"தனிமையை எடுக்கணும்."

"நான் உக்காந்திருக்கும்போதே எடுங்களேன். சரியா வரும்."

"ஆள் இருந்தா எப்படிம்மா தனிமை? எழுந்திரு."

எழுந்து நின்றாள். காலி நாற்காலியைப் பதினேழு தரம் எடுத்தேன். அதுவரை கையில் காய் நறுக்கும் கத்தியோடு ஓரமாகவே நின்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் முடிவு வந்தது. என் நாற்காலி இல்லை. வாரப் படம் புதுசுவுடையது.

கறுப்பு வெள்ளைப் படம். இருட்டில் ஒரு மனிதனின் முதுகு. எதிரே திரை வெளிச்சம். அதைத் தவிர அறையில் எதுவும் தெரியவில்லை. கூன் விழுந்த தோள். உச்சந்தலையில் எட்டணா அளவுக்கு வழுக்கை. அவன் முழங்கைக்குப் பக்கத்தில் ஆடை படிந்த ஒரு டம்ளர் டீ.

வயிறு எரிந்தது. ஆனால் பொய் சொல்ல வரவில்லை. படம் நன்றாகத்தான் இருந்தது. குருவாயிற்றே, ஆகவே எழுதினேன்:

"வாழ்த்துகள், புதுசு. இந்தப் பெரியவரைப் பார்த்தால் மனம் கனக்கிறது. பாவம், டீ ஆறிவிட்டது என்று சொல்லக்கூட வீட்டில் ஆள் இல்லை போலும். ஆள் இருந்தும் இப்படி உட்கார்ந்திருந்தால் அவரை எந்த லென்ஸாலும் காப்பாற்ற முடியாது. ஒரே ஒரு குறை: மேல் வலது மூலையில் வால் முளைத்த ஒரு தூசி தெரிகிறது, கேமராவுக்குள் சென்சாரில் ஒட்டியிருக்கிறது. துடைக்கவும்."

உடனே பத்துக் கட்டைவிரல்கள் விழுந்தன. முப்பத்தோரு வாரத்தில் இல்லாத புகழ். பூரித்துப்போனேன். பதினோராவதாகப் பல் டாக்டர் எழுதினார்:

"தம்பி, உங்க நாற்காலிப் படத்துலயும் அதே மூலையில அதே தூசி இருக்கே? ரெண்டு பேரும் ஒரே கேமராவா?"

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மூலை. அதே தூசி. அதே வால்.

மெதுவாகக் கையைத் தூக்கி உச்சந்தலையைத் தடவினேன். எட்டணா இருந்தது. மனிதனுக்குத் தன் முதுகு தெரியாது என்பது கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

முழங்கைக்குப் பக்கத்தில் டீ இருந்தது. ஆடை படிந்திருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை.

திரும்பினேன். மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் கேமரா. இன்னொரு கையில் அந்த நாற்காலி.

"இது... எப்ப எடுத்தே?"

"சத்தமே வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே, எல்லா சந்தேகத்தையும்?"

"கேட்டேனே. அங்க கேட்டா நாப்பது வரி வருது. இங்க கேட்டா 'ஒண்ணுமில்ல'ன்னு ஒரு வார்த்தைதான் வருது."

நாற்காலியை என் பக்கத்தில் போட்டாள். உட்கார்ந்தாள். கேமராவை என் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பெரியவரே. தூசி எப்படித் துடைக்கிறதுன்னு சொல்லிக் குடுங்க."