மிதவைக்கு அடியில் ஒரு படி

அன்பு மைத்துனனுக்கு உன் அத்தான் எழுதுவது.

இங்கு நான் நலம், உன் அக்கா நலம், பசையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட என் இடது கை விரல்கள் இரண்டைத் தவிர மற்ற எட்டு விரல்களும் நலம். உன் நலமும் உன் ரத்த அழுத்தத்தின் நலமும் இந்தக் கடிதம் முடியும்வரை இப்படியே நீடிக்க வேண்டுகிறேன். உன் கிளைடரின் நலம் பற்றி உரிய இடத்தில் வரும். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. அடுத்த மாத முதல் ஞாயிறு வருகிறாய், கிளைடரைக் கழற்றி எங்கள் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போன பெட்டியை எடுத்துக்கொள்ளப் போகிறாய், நீ அதை ரிமோட்டில் பறக்கவிடும் மைதானத்தில் கிடங்கு கட்டிவிட்டார்கள், இனி இறக்க இடமில்லை, அதனால் கிளைடரை உன் ஆபீஸ் ஹாலில் கொக்கி போட்டு அழகுக்குத் தொங்கவிடப் போகிறாய். இவ்வளவையும் ஏதோ மின்கட்டணம் கட்டியாச்சு என்பதுபோல நாலே வரியில் எழுதியிருந்தாய். நான் ஓய்வுபெற்ற அன்று நீரேற்று நிலையத்தில் ஒரு பித்தளை வால்வுக் கைப்பிடியைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? முப்பத்தொரு வருடம் நான் திருப்பிய கைப்பிடி. இப்போது எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அதைத் திருப்பினால் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. சட்டத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இரண்டரை மீட்டர் இறக்கையோடு வானத்தில் வட்டமடித்த ஒன்றுக்கும் அதே கதியா? அப்போதுதான் பளிச்சென்று பட்டது: இறக்கத் தரை இல்லையென்றால் தண்ணீரில் இறக்கினால் என்ன? தண்ணீர் என் துறை ஆயிற்றே!

பெட்டிமேல் 'அத்தான், தயவுசெய்து தொடாதீங்க' என்று சீட்டு ஒட்டியிருந்தாய். சீட்டை நான் தொடவேயில்லை. அதைச் சுற்றி அட்டையை அறுத்துத் திறந்தேன். உள்ளே கிளைடருக்கு அடியில் உன் பழைய நோட்டு, அதில் உன் கையால் பென்சிலில் வரைந்த இரண்டு மிதவைகள்! உனக்கும் இந்த ஆசை இருந்திருக்கிறது, ராஸ்கல், யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதன்பிறகு என்னைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. சாப்பாட்டு மேசை பட்டறையாயிற்று. நுரைப்பலகையைப் படகு வடிவில் அறுத்தேன், அலுமினியக் கம்பியை வளைத்து, மூக்கிலிருக்கும் விசிறி தண்ணீரில் படாத உயரத்துக்குக் கால் செய்தேன், பேட்டரிக்குத் தண்ணீர் போகாமலிருக்க உன் அக்காவின் கடுகு டப்பாவை எடுத்தேன். எடை முன்னும் பின்னும் சமமா என்று டப்பாவோடு சேர்த்து இறக்கையை இரண்டு விரலில் நிறுத்திப் பார்த்தால் மூக்கு தரையைக் குத்தியது. "கடுகையாவது கொட்டிட்டு வச்சிருக்கலாம்ல?" என்றாள் உன் அக்கா. கொட்டிவிட்டு வைத்தபோதும் குத்தியது. கடைசியில் அவளே ஒரு பலூனைக் கொண்டுவந்து, அதற்குள் பேட்டரியை நுழைத்து, வாயை முடிந்து கொடுத்தாள். எடையே இல்லை.

இப்போது ஒரு விஷயம் சொல்லவேண்டும், அதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். உன் படத்தில் மிதவையின் அடிப்பக்கம் ஒரே சீராக ஓடாமல், நடுவுக்குச் சற்றுப் பின்னால் படிக்கட்டுபோல அரை விரல் உயரத்துக்குச் சட்டென்று மேலேறியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் ஓடும் பாதையில் படி வைப்பானா யாராவது? குழாய்க்குள் ஒரு நூல் உயரப் பிசிறு இருந்தாலே தண்ணீர் சுழன்று அடிக்கும், பம்பு திணறும், அதைத் தேய்த்துச் சீராக்குவதற்கு என்றே நான் சம்பளம் வாங்கினேன். பையன் ஸ்கேல் நழுவிக் கோடு போட்டுவிட்டான் என்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டு, அந்தப் படியை நிரப்பி, உப்புத்தாளால் மூன்று நாள் தேய்த்து, கன்னத்தை வைத்துப் பார்த்தால் வழுக்கும் அளவுக்கு ஆக்கினேன். உன் படத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் 'திருத்தப்பட்டது' என்று கையெழுத்தும் போட்டேன்.

போன வியாழன் காலை நானும் உன் அக்காவும் நீரேற்று நிலையத்துக்குப் போனோம். பின்பக்கம் ஒருகாலத்தில் வண்டல் படியவிட்டு, இப்போது பயன்படுத்தாமல் கிடக்கும் பழைய படிவுக்குளத்தில் விடுவதாகத் திட்டம். அதற்கும் குடிநீர்த் தேக்கத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். வாசலில் காவலாளி எழுந்து நின்று வணக்கம் சொன்னான், சொல்லிவிட்டு அங்கிருந்த பலகையைக் காட்டினான். 'நீர்நிலையில் எப்பொருளையும் போடலாகாது. மீறிப் போடப்படும் பொருள் கைப்பற்றப்படும். உரிமையாளர் நேரில் வந்து விளக்கம் எழுதிக் கையொப்பமிட்டாலன்றித் திருப்பித் தரப்படமாட்டாது.' கீழே மேற்பார்வையாளரின் கையெழுத்து. அந்த மேற்பார்வையாளர் நான்தான்.

"ஏம்ப்பா, நாங்க போடவா வந்திருக்கோம்? அங்கேருந்து மேல எடுக்கத்தானே வந்திருக்கோம்?"

"அது சரி சார். ஆனா கையெழுத்து உங்களுதாச்சே. நான் என்ன செய்ய?"

என் இடத்துக்கு வந்திருக்கும் புது மேற்பார்வையாளரைப் பார்த்து, எண்ணெய் கிடையாது, புகை கிடையாது, பேட்டரிதான் என்று அரைமணி நேரம் கெஞ்சினேன். படிவுக்குளம் மட்டும், சுவர் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார்.

கிளைடரைத் தண்ணீரில் வைத்தேன். அன்னம் மாதிரி நின்றது. ரிமோட்டில் விசையை முழுக்கத் தள்ளினேன். போயிற்று, போயிற்று, நேராகப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று, மேலே மட்டும் போகவில்லை. குளத்தை ஒன்பது சுற்று சுற்றிற்று. தண்ணீர் அதன் அடியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. காவலாளி பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சார், இது படகுன்னா ரொம்ப நல்ல படகு" என்றான். இத்தனை நாள் உழைப்பு போயிற்று, ஞாயிறு நீ கொக்கியோடு வந்து நிற்பாய் என்று எண்ணிக்கொண்டே கிளைடரைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன்.

மத்தியானம் உன் அக்கா கழுவிய தட்டுகளை எடுக்கிறாள், இரண்டு ஈரத்தட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. ஓரத்தில் நகத்தை விட்டு லேசாக நெம்பினாள், பிரிந்துவிட்டது. அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, இடையில காத்துப் போனாத்தானே விடுது? தம்பி போட்ட படி எதுக்குன்னு இப்பப் புரியுதா?"

புரிந்தது, மைத்துனா! அந்தப் படியில்தான் தண்ணீர் மிதவையை விட்டுப் பிரியும், காற்று உள்ளே போகும், கிளைடர் கிளம்பும். குழாயில் தண்ணீர் ஒட்டி ஓடவேண்டும், இங்கே ஒட்டவே கூடாது. முப்பத்தொரு வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் சரியாகத் தப்புச் செய்திருக்கிறேன். உன் அக்காளைக் கட்டிய இந்த இருபத்தெட்டு வருடத்தில் உன்னிடம் நான் ஒருமுறைகூடத் தோற்றதாக ஒப்புக்கொண்டதில்லை. இப்போது எழுத்தில் தருகிறேன்: நீ வரைந்ததுதான் சரி. சிவப்பு மையை அடித்துவிட்டேன். அன்றைக்கே படியை மறுபடி வெட்டி, ஓரத்துக்குப் பசை பூசினேன். விரல்கள் ஒட்டியது அப்போதுதான்.

நேற்றுக் காலை ஆறரை மணிக்குக் கிளைடர் குளத்தில் இறக்கப்பட்டது. காற்றுக்கு எதிராகத் திருப்பப்பட்டது. ரிமோட் இயக்கப்பட்டு விசை முழுமையாக முன்னே தள்ளப்பட்டது. நுரை கிளம்பிற்று, மிதவை தண்ணீரின் மேல் ஏறிக்கொண்டது, பாதிக் குளம் தாண்டவில்லை, எழும்பிவிட்டதடா! இரண்டு மிதவையிலிருந்தும் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே போகிறது! நான் கத்தினேன், காவலாளி கத்தினான், மோட்டார் அறையிலிருந்து நான்கு பேர் ஓடிவந்தார்கள், புது மேற்பார்வையாளர் டீ கிளாஸோடு மாடியில் நின்று கைதட்டினார். உயரத்தில் மோட்டார் நிறுத்தப்பட்டது. விசிறி மடங்கிக்கொண்டது. சத்தமே இல்லை. உன் கிளைடர் பழையபடி கிளைடராகி நாலு நிமிஷம் தலைக்குமேல் சுற்றியது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிறகு மெல்ல இறங்கித் தண்ணீரைத் தொட்டு, என் காலடிக்கு வந்து நின்றது.

ஆகவே ஞாயிறு கொக்கி கொண்டு வராதே. விடியலில் நேராகக் குளத்துக்கு வா. நீ வரும்வரை அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இதை எழுதும்போது அது ஒரு கீறல்கூட இல்லாமல் பீரோ மேல் காய்ந்துகொண்டிருக்கிறது. உன் ரத்த அழுத்தம் குறைக, உன் இறக்கைகள் நீள்க.

என்றும் உன் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். கவரை ஒட்டாம வச்சிருந்தார், படிச்சுட்டேன். 'தள்ளப்பட்டது', 'நிறுத்தப்பட்டது'ன்னு எழுதியிருக்காரே, அதெல்லாம் நான் பண்ணது. மைதானத்துல ஒருநாள் நீ என் கையில ரிமோட்டைக் கொடுத்தியே, கை அதை மறக்கலை. இவர் கடைசி நேரத்துல ரிமோட்டை என் கையில திணிச்சுட்டார். இன்னிக்குச் சாயங்காலம் காய்கறி வாங்கப் போறேன்னு கிளம்பினார். பை இங்கேயே இருக்கு, பீரோ மேல கிளைடர் இல்லை. தனியா விட்டுப் பார்த்திருக்கார். அழகா எழும்பியிருக்கு, சுவரையும் தாண்டி, குடிதண்ணித் தேக்கத்துல நடுவுல போய் உட்கார்ந்திருக்கு. படகு விட்டு எடுத்துட்டாங்க, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகலையாம். ஆனா கைப்பற்றி ஆபீஸ்ல வச்சிருக்காங்க. இவர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். உரிமையாளர் நேர்ல வரணுமாம், பலகையில அப்படித்தான் போட்டிருக்காம். ஞாயிறு வரும்போது அடையாள அட்டை கொண்டு வா. ரிட்டயரானப்புறம் ஏழு மாசமா சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்த மனுஷன் இந்த இருபது நாளாத்தான் சாப்பிட்டது பத்தலைன்னு கேட்கிறார். அதனால திட்டாதே, கிளைடரையும் கொண்டு போகாதே. முதல்ல நான் விடுறேன், அப்புறம் நீ. அத்தான் மூணாவது.