அரை விநாடிப் பதில்

மலாயா சுதந்திரம் பெற்ற வரலாற்றை எழுதுபவர்கள், அதற்கு மறுமாதம் எங்கள் ஊரான கஜா பெராங்கில் நடந்ததை விட்டுவிட்டால் அது அரைகுறை வரலாறுதான். அவசர ஊர்திச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் பணிவுடன் எச்சரிக்கிறேன்.

எங்களிடம் ஒரு வேன், ஓட்டுநர் தாவூத், தெருவாசலில் ஓர் அழைப்பு மணி. மணி அடித்தால் எத்தனை நேரத்தில் பதில் வருகிறது என்று தலைவர் சொக்கப்பன் கேட்டார்.

"ஒடனேதான் அண்ணே" என்றார் தாவூத்.

சம்பந்தப்பட்டவர் வாய்மொழி செல்லாது. வெளியிலிருந்துதான் அளக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து 'விஞ்ஞான' கடிகாரப் பெட்டி வந்தது. வெளியே மணியை அமுக்கினால் முள் ஓடும். உள்ளே மேசைமேல் உள்ள பொத்தானைத் தாவூத் அமுக்கினால் நிற்கும். காகிதச் சுருளில் நேரம் பதியும்.

முதல் வாரச் சராசரி நாற்பது நிமிடம்! விசாரித்ததில் குற்றம் அம்பலமானது: தாவூத் வேனை எடுத்துக்கொண்டு நோயாளிகளை ஏற்றப் போயிருக்கிறார். 'பணி நேரத்தில் ஓட்டுநர் பொத்தானை விட்டு அகலக் கூடாது; அகன்றால் வேலை நீக்கம்' என்று தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் அடியேன். மறுவாரமே சராசரி அரை விநாடி. லண்டனில்கூட இப்படி இல்லை என்றார் தலைவர். லண்டனை யார் அளந்தது என்று யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மனைவி உமையாளுக்குப் பிரசவ வலி கண்டது. ஓடிப்போய் மணியை அமுக்கினேன். அரை விநாடி! எனக்கே புல்லரித்தது.

"தாவூத், வேனை எடு! வீட்ல வலி வந்துருச்சு!"

"அதான் பதில் குடுத்துட்டேனே அண்ணே."

"வண்டியை எடுய்யா!"

"நான் வந்துட்டா அடுத்த மணிக்கு யாரு லா அமுக்குறது? நகர்ந்தா வேலை போயிரும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" என்றவர், பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே, "அண்ணி பாவம்" என்றார்.

பதைப்பில் இன்னும் பத்து முறை அமுக்கினேன். பத்துக்கும் பதில் வந்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

தெருமுனையில் கபீர் தம் பேச்சாவில், அதாவது மூன்று சக்கர மிதி ரிக்‌ஷாவில், சாய்ந்திருந்தார். "கபீர் பாய், உமையாளுக்கு வலி!" என்று ஒரே ஒரு முறை கத்தினேன். மனிதர் வாயைத் திறக்கவில்லை. வண்டியைத் திருப்பி எனக்கு முன்னால் என் வீட்டு வாசலில் நின்றார். ஆஸ்பத்திரி வாசலில், பேச்சாவிலேயே, என் மகள் பிறந்தாள். தாயும் சேயும் நலம். தாய் மட்டும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

மாதக் கூட்டத்தில் காகிதச் சுருளை விரித்த தலைவருக்குக் கண் கலங்கியது.

"ஒரே பிரசவத்துக்குப் பதினோரு பதில்!"

கைதட்டல் அடங்கியதும், நியாயம் வேண்டுமே, பேச்சாக்காரரையும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன்:

'கபீர். ஒரு முறை அழைக்கப்பட்டார். பதில் இல்லை.'

கீழே என் கையெழுத்து.