துணைக்கு வந்த மாமா

வேலை கேட்டு வருகிறவர்கள் ஓர் இனம். வேலை கொடுக்கிறவர்கள் இன்னோர் இனம். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதற்குத் ‘துணைக்கு வருகிறவர்’ என்று பெயர்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், ஆள் எடுக்கிற மேசையின் ஓரத்தில், மதிப்பெண் தாளோடு பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவன் நான். இந்த இனத்தை அடையாளம் காண்பது ரொம்பச் சுலபம். வேலைக்கு வந்த பிள்ளை சோபாவின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். துணைக்கு வந்தவர் நடுவில் சாய்ந்திருப்பார். சான்றிதழ் கோப்பு அவர் மடியில்தான் இருக்கும். பிள்ளையிடம் பெயர் கேட்டால் அவர் சொல்வார். பிள்ளைக்குத் தும்மல் வந்தால்கூட அவர்தான் மன்னிப்புக் கேட்பார். அதற்குள் வரவேற்பறைப் பெண்ணிடம், “உள்ள எத்தனை பேரும்மா? கேள்வியெல்லாம் கஷ்டமா? உனக்கு இங்க எத்தனை வருஷ சர்வீஸ்?” என்று தனியாக ஒரு நேர்முகத் தேர்வையே நடத்தி முடித்திருப்பார். அந்தப் பெண் பாவம், இதுவரை நூறு தேர்வுகளில் தேறியிருக்கிறாள்.

போன வருடம் எங்கள் அண்டர்ரைட்டிங் பிரிவுக்குப் புதிதாக ஒருவரை எடுக்க வேண்டியிருந்தது. காப்பீடு கேட்டு வருகிற விண்ணப்பத்தைப் படித்து, இவரை ஏற்கலாமா, வேண்டாமா, இன்னும் விவரம் கேட்கலாமா என்று முடிவு செய்கிற வேலை. அதற்கு ஒரு பெண் வந்தாள். வயது இருபத்திரண்டு. கூடவே அவளுடைய தாய்மாமா வந்தார். வயது ஐம்பத்தாறு.

மாமாவுக்கு ஜெராக்ஸ் கடை. அந்தப் பக்கத்துப் பத்திரம், ரசீது, மருந்துச் சீட்டு, விவாகரத்து மனு எல்லாமே அவர் கடைக் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்தவைதான். ஆகவே அவருக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. “அண்டர்ரைட்டிங்னா கீழ எழுதறது. கையெழுத்துதான் முக்கியம்” என்று சொல்லி, அக்கா மகளை ஒரு வாரம் நாலு கோடு நோட்டில் எழுத வைத்திருக்கிறார். இதெல்லாம் பிறகு அவளே எனக்குச் சொன்னது. அவளுக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டியிருந்தது. கிடைக்காவிட்டால் மாமா கடையிலேயே உட்கார்ந்துவிடட்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. முடிவு செய்தவர் யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

உள்ளே எங்கள் மேலாளர் அம்மா முதல் கேள்வியைக் கேட்டார். “உன்னைப் பத்திச் சொல்லும்மா.”

பெண் வாயைத் திறந்தாள். கதவும் திறந்தது.

“தண்ணி பாட்டிலை விட்டுட்டு வந்துட்டா,” என்றபடி மாமா உள்ளே வந்தார். பாட்டிலை மேசையில் வைத்தவர், “கொஞ்சம் பயந்த சுபாவம் மேடம், ஆனா கெட்டிக்காரி,” என்று முதல் கேள்விக்கான பதிலையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது கேள்விக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் இன்னொரு நகலோடு வந்தார். மூன்றாவது கேள்விக்குக் கையில் எதுவுமே இல்லாமல் வந்தார். “லீவு எத்தனை நாள்னு அவ கேக்க மாட்டா, அதான்...”

மேலாளர் அம்மா முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க சார். சும்மா இருக்க வேண்டாம், இந்த ஃபாரத்தை நிரப்புங்க.”

ஆயுள் காப்பீட்டு விண்ணப்பம் அது. படிவத்தைப் பார்த்ததும் மாமாவின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். பத்து நிமிடம் அறையில் பூரண அமைதி. அதற்குள் பெண் நாலு கேள்விக்குப் பதில் சொன்னாள். சுமார்தான். நான் ‘பார்க்கலாம்’ என்று எழுதி வைத்தேன். எங்கள் அலுவலகத்தில் அதற்கு ‘வேண்டாம்’ என்று அர்த்தம்.

மாமா எழுதி முடித்ததும், மேலாளர் அம்மா படிவத்தை வாங்கிப் பெண்ணின் பக்கம் தள்ளினார். “இதுதாம்மா கடைசிக் கேள்வி. இவரை ஏத்துக்கலாமா?”

“இதெல்லாம் ஒரு கேள்வியா!” மாமா சிரித்தார். “நம்ம மாமாம்மா. ஏத்துக்கலாம்னு சொல்லு.”

பெண் படித்தாள். நோய்: இல்லை. மருந்து: இல்லை. புகைப் பழக்கம்: இல்லை. விபத்து: இல்லை. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவரிடம் பதில்களை மட்டுமே கேட்டு வளர்ந்தவள், முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டாள்.

“மாமா, மருந்து எதுவும் சாப்பிடறதில்லைன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“சட்டைப் பையில என்ன இருக்கு?”

“பேனா.”

“பேனாவுக்குப் பின்னாடி?”

மாமாவின் கை பையைப் பொத்திக்கொண்டது. “அது மாத்திரை. மருந்துன்னா பாட்டில்ல இருக்கறதும்மா.”

“சர்க்கரை மாத்திரை.”

“காலைல ஒண்ணுதானே!”

“சிகரெட்?”

“கடைல பிடிக்கறதே இல்ல. கடைக்குப் பின்னாடிதான்.”

“போன வருஷம் வண்டியில இருந்து விழுந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்தீங்களே?”

“நான் எங்க விழுந்தேன்? வண்டிதான் விழுந்தது. நான் அது மேல உக்காந்திருந்தேன்.”

நான் மதிப்பெண் தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மேலாளர் அம்மா சிரிக்கவில்லை. “முடிவைச் சொல்லும்மா.”

மாமா அவள் பக்கம் குனிந்தார். குரல் இறங்கியிருந்தது. “உன்னைத் தூக்கி வளத்தவன்டி நான்.”

அவள் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு, படிவத்தை மேலாளர் அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

“இப்போதைக்கு ஏத்துக்க முடியாது மேடம். வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுவேன். ஆஸ்பத்திரி பேப்பரெல்லாம் கேப்பேன். அப்புறம்தான் முடிவு.” மாமாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “எங்க வீட்ல எல்லாரும் இவரை நம்பித்தான் இருக்கோம் மேடம். அதனால ரெண்டு தடவை பாப்பேன்,” என்றாள்.

மாமா எழுந்தார். தன்னிடம் இருந்த சான்றிதழ் கோப்பை அவள் மடியில் வைத்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அன்றைக்கு அவர் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

நான் ‘பார்க்கலாம்’ என்பதை அடித்துவிட்டு வேறு எழுதினேன்.

பேருந்தில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து வீடு போய்ச் சேர்ந்தவர், மூன்று நாள் அவளோடு பேசவில்லை. மூன்று நாள் பேசாமல் இருப்பது அந்த மனிதருக்கு எவ்வளவு பெரிய சித்திரவதை என்று நினைத்துப் பாருங்கள். நாலாம் நாள் வேலை உத்தரவு போனது. மாமா அதை வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார். அறுபது நகல்களோடு திரும்பி வந்தார். அன்று சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர், வாடிக்கையாளர், வழிப்போக்கர் ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேருக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது: “நான் வேணும்னேதான் தப்புத் தப்பா நிரப்பினேன். அவ கண்டுபிடிக்கணும்ல? அந்த மேடமே முதல்ல ஏமாந்துட்டாங்க.”

பெண் இப்போது எனக்குப் பக்கத்து மேசை. வேலையில் சேர்ந்த அன்று மாமாவும் வந்து, நாற்காலி ஆடுகிறதா என்று இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் தம்பி மகனுக்குத் திங்கட்கிழமை பத்து மணிக்கு ஏதோ நேர்முகத் தேர்வு என்றீர்களே? போய்விட்டு வரட்டும், விவரமான பையன். கட்டிடம் எதுவென்று அவனுக்குத் தெரியும், கையில் செல்போன் இருக்கிறது, வாயும் இருக்கிறது. எல்லாம் சரி.

உங்கள் சட்டையை எதற்கு இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறீர்கள்?