எட்டு வீட்டுக் காவல்

ஏழாம் நம்பர் வீட்டுக் கொடியில் ஹோல்கரின் உள்ளாடைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தோர்கிலின் போன் அடித்தது. வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டுப் பேசினார்.

“என்ன பண்றே?” ஸ்காகெனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த மனைவி சோல்வை.

“துணி காயப்போடறேன்.”

“அடேங்கப்பா! நம்ம வீட்டுக் கொடிலயா?”

“இல்ல. இது ஹோல்கரோட ஜட்டி.”



“ஹோல்கர் க்ரீட் தீவுலல்ல இருக்கான்?”

“ஆமா. ஜட்டி இங்க இருக்கு. அலமாரில மடிச்சு வெச்சிருந்ததை எடுத்து நனைச்சுக் காயப்போடறேன். தெருவுல போறவனுக்கு வீட்ல ஆள் இருக்கற மாதிரி தெரியணும்ல?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னோட ஒரு கைக்குட்டையைக் காயப்போட்டதில்ல நீ. சரி, சாப்பிட்டியா?”

“மூணாம் நம்பர்ல காபி குடிச்சேன். அஞ்சாம் நம்பர்ல ரொட்டி சாப்பிடப் போறேன்.”

“நல்லா இருக்கு உன் பொழப்பு,” என்று சொல்லிவிட்டு சோல்வை வைத்துவிட்டாள்.

ஜூலை பிறந்தால் வானம்பாடித் தெருவில் ஈ காக்காய் இருக்காது. ரோஸ்கில்டே நகருக்கு வெளியே இருக்கும் தெருக்கள் எல்லாமே அப்படித்தான். சைக்கிள்களைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு, வெயில் இருக்கும் நாடாகப் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். விடுமுறை எடுக்காதவன் திருடன் ஒருவன்தான். அதனால் யாராவது ஒருவர் பின்தங்கி, மற்ற வீடுகளில் ஆள் இருப்பதுபோல் காட்டவேண்டும். தன் காரை அவர்கள் வாசலில் மாற்றி மாற்றி நிறுத்தவேண்டும், தபால் பெட்டியைக் காலி செய்யவேண்டும், தன் குப்பையை அவர்கள் தொட்டியில் போடவேண்டும். எட்டுத் தொட்டிகளுக்கும் பங்கு வைக்க ஒரு மனிதனின் குப்பை போதாது. தோர்கில் வாழைப்பழத் தோலைக் கிழித்துக் கிழித்துப் போட்டுச் சமாளித்தார்.

போன வருஷம் சிட்டுக்குருவித் தெருவில் இப்படிக் காவல் இருந்தவர் எகில். அவர் அசந்த நேரத்தில் ஒரு வீட்டில் டி.வி. போய்விட்டது. யாரும் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. காலை வணக்கம் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் மனிதர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்.

தோர்கில் இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னும் அவருக்கு ‘புதுசா வந்தவர்’ என்றுதான் பெயர். யாராவது தோட்டத்தில் இறைச்சி சுடக் கிரில் போட்டால் புகை மட்டும் இவர் வீட்டுக்கு வரும், அழைப்பு வராது. இந்த வருஷம் தெருச் சங்கத் தலைவர் ஹோல்கர் தானே வந்து, எட்டு வீட்டுச் சாவியையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

“ஒரு வீட்லகூட எவனும் காலடி வைக்கக்கூடாது தோர்கில். உன்னை நம்பித்தான் போறோம்.”

ஒன்பது வருஷத்தில் அவரை யாரும் நம்பிப் போனதில்லை. சோல்வையோடு ஸ்காகெனுக்குப் போவதாக இருந்த பயணத்தை அந்த நிமிஷமே கைவிட்டார்.

ஐந்தாம் நம்பரில் ரொட்டிக்கு வெண்ணெய் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோதுதான் முதல் சந்தேகம் வந்தது. முந்தின நாள் நிறைந்திருந்த முட்டைத் தட்டில் பாதி காலி. பாத்திரத் தொட்டியோரம் ஒரு வாணலி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தொட்டுப் பார்த்தார். ஈரம்.

தோர்கிலுக்கு ஆம்லெட் போடத் தெரியாது.

ஒருவேளை நாமே மறதியில் சாப்பிட்டிருப்போமோ என்று வயிற்றைத் தடவிப் பார்த்தார். வயிறு ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. பின்பக்கக் கொட்டகைக்குப் போனார். புல்வெட்டி இயந்திரம் சூடாக இருந்தது. பல்லில் பச்சைப் புல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஐந்தாம் நம்பர் புல்வெளி முழங்கால் உயரத்துக்கு அப்படியே நின்றது.

திருடுவதற்கு முன் புல் வெட்டுகிற திருடன் உண்டா? வெட்டினால் எந்தப் புல்லை வெட்டினான்? தோர்கில் கொட்டகையிலிருந்து திரும்பிப் பார்க்காமல் நடந்து வெளியே வந்தார். திரும்பிப் பார்த்தால் யாராவது நின்றுவிடுவார்களோ என்று பயம்.

வீட்டில் ஆள் நடமாட்டம் போதவில்லை, அதுதான் எவனோ துணிந்துவிட்டான் என்று முடிவு கட்டி, எட்டு வீட்டிலும் ரேடியோவைப் போட்டுவிட்டார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. தெருவில் ஒரு மனிதர் இல்லை, எட்டு வீடுகளுக்குள்ளும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூணாம் நம்பரில் ஒரு பெண் சிரித்தாள், ஒன்பதாம் நம்பரில் ஒருவர் செருமினார். நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்த தோர்கிலுக்கு, எல்லோரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று பட்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே ஜூலையில் இருட்டவே மாட்டேன் என்கிறது. தோர்கில் நல்ல வெளிச்சத்திலேயே அரள வேண்டியிருந்தது.

தெருக்கோடி வளைவுக்கு அப்பால் இருந்த அவர் வீட்டிலிருந்து பார்த்தால் தெருவில் பாதிகூடத் தெரியாது. அங்கே படுத்துக்கொண்டு எதைக் காப்பது? பல்துலக்கும் பிரஷை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, தினம் ஒரு வீட்டு சோபாவில் படுக்க ஆரம்பித்தார். அந்தந்த வீட்டுக்காரர் உடையையே போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நடமாடினால் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது என்றும் தோன்றியது. அந்த யோசனையில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மூணாம் நம்பரில் அந்த வீட்டுக்காரி வீபெக்கெயின் பூப்போட்ட அங்கியை மாட்டிக்கொண்டு ஜன்னலில் நின்றபோது தபால்காரப் பெண் டோர்த்தே சைக்கிளை நிறுத்தினாள்.

“வீபெக்கெ! ஊருக்குப் போகலையா?” என்றவள், கிட்டே வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, நீங்களா?”

“ஆள் இருக்கற மாதிரி காட்டறேன்,” என்றார் தோர்கில், அங்கியின் முடிச்சை இறுக்கியபடி.

“அதெல்லாம் பிரமாதமா இருக்கு. தெருவே கலகலன்னு இருக்கு.” டோர்த்தே சைக்கிளில் ஏறினாள். “ஆனா எல்லா வீட்லேர்ந்தும் ஒரே மூஞ்சி எட்டிப் பாக்குது பாருங்க, அதுதான் கொஞ்சம் பயமா இருக்கு.”

அன்று சாயங்காலம் எதிர்ப்பக்க ஒன்பதாம் நம்பரின் மாடி ஜன்னலில் யாரோ நின்றார்கள்.

கண்ணாடியில் மேகம் தெரிகிறது என்று முதலில் நினைத்தார். மேகம் நீலக் கோட்டு போட்டிருந்தது. ஏழாம் நம்பர் அலமாரியில் தொங்கிய ஹோல்கரின் நீலக் கோட்டு! என்ன செய்வது என்று தெரியாமல் தோர்கில் கையை ஆட்டினார். நல்ல அண்டைவீட்டுக்காரனின் கை, ஆளைப் பார்த்தால் தானாக ஆடிவிடுகிறது.

அந்த உருவமும் கையை ஆட்டியது. ரொம்ப நாள் பழகியவர் மாதிரி.

பூப்போட்ட அங்கி காலில் தடுக்கத் தடுக்கத் தெருவைக் கடந்து ஓடினார். ஒன்பதாம் நம்பர் கதவு பூட்டியபடியே இருந்தது. திறந்துகொண்டு மாடிக்குப் போனார். ஒருவரும் இல்லை. ஜன்னலோர நாற்காலியின் மெத்தையில் ஆள் உட்கார்ந்த பள்ளம் மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. ஏழாம் நம்பருக்கு ஓடி அலமாரியைப் பார்த்தார். நீலக் கோட்டு தொங்கிய ஹாங்கர் மட்டும் இருந்தது.

மறுநாள் எட்டு வீட்டு ஜன்னலிலும் தலையணைகளை அடுக்கி, தொப்பியும் சட்டையும் மாட்டி ஆட்களைச் செய்து உட்காரவைத்தார். ஒருவன் எட்டுப் பேராக இருக்க முடியாதல்லவா? மதியம் வரை நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு தெருவில் எங்கே நின்றாலும் யாரோ இரண்டு பேர் பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். தானே செய்த தலையணைகள் என்று தெரிந்தும், அவற்றைக் கடக்கும்போது குனிந்து நடந்தார். சாயங்காலம் பதினொன்றாம் நம்பர்த் தலையணையைச் சரிசெய்யப் போனால், அது சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தது. தொப்பியும் இல்லை.

தோர்கில் போலீசுக்குப் போன் செய்தார்.

போலீஸ்காரர் வருவதற்குள் ஐந்தாம் நம்பரை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று உள்ளே போய், பதற்றத்தில் சாவி டப்பாவை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து, தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவைச் சாத்திவிட்டார். ரோந்து கார் வந்து நின்றபோது வானம்பாடித் தெருவில் கண்ட காட்சி இதுதான்: பூப்போட்ட அங்கி அணிந்த ஓர் ஆண், நிலவறை ஜன்னலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தார். தெரிந்தது பின்பாதி.

“வெளில வாங்க,” என்றார் போலீஸ்காரர். இளம் வயது, பொறுமைசாலி.

“முடியல. இழுங்க.”

இழுத்து வெளியே எடுத்தார்.

“இது உங்க வீடா?”

“இல்ல.”

“அங்கி?”

“மூணாம் நம்பர்து.”

“எதுக்கு உள்ள போறீங்க?”

“சாவி உள்ள இருக்கு. எட்டு வீட்டுச் சாவி.”

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அப்புறம் க்ரீட்டுக்குப் போன் போட்டார். கடல் இரைச்சலுக்கு நடுவே ஹோல்கர் கத்தினார்: “நம்ம தோர்கில்தான்! தங்கமான மனுஷன்! என்ன போட்டிருக்கான்னு சொன்னீங்க?”

அதன் பிறகு போலீஸ்காரர் எட்டு வீடுகளையும் அலசினார். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், பரணில், கொட்டகையில். தலையணை ஆட்களில் ஒருவரிடம் அடையாள அட்டைகூடக் கேட்டுவிட்டார்.

“எட்டு வீட்லயும் ஒருத்தரும் இல்ல,” என்றார் கடைசியில். “உங்களைத் தவிர. எப்ப சரியாத் தூங்கினீங்க?”

“காவல் இருக்கேன். தூங்கறதா?”

“நான் சொல்றதைக் கேளுங்க. உங்க வீட்டுக்குப் போங்க. உங்க கட்டில்ல படுங்க.”

தோர்கில் சரி சரி என்று தலையாட்டினார். கார் வளைவில் மறைந்ததும் பதினொன்றாம் நம்பர் சோபாவுக்குப் போய், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தார். சிட்டுக்குருவித் தெரு எகிலின் முகம் கூரையில் தெரிந்தது. ஒரே ஒரு வீட்டில் ஒரே ஒரு பொருள் போனால் போதும், அவர் கதிதான் தனக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையாகக் கார்கள் வந்தன. கறுத்துப்போன முகங்களும் மணல் ஒட்டிய செருப்புகளுமாகத் தெரு நிறைந்தது. தோர்கில் அங்கியைத் துவைத்து மாட்டிவிட்டுச் சொந்தச் சட்டையில் ஏழாம் நம்பர் வாசலில் நின்றார். அவரவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும் வரை வாசலுக்கும் வேலிக்குமாக நடந்தார். டி.வி. இருந்தது. வெள்ளிக் கரண்டிகள் இருந்தன. வீபெக்கெயின் நகைப்பெட்டி இருந்தது.

“ஹோல்கர், உங்க நீலக் கோட்டு...” என்று மென்று விழுங்கினார்.

“அதுவா? க்ரீட்ல எங்கயோ தொலைச்சுட்டேன் போல. என் பொண்டாட்டி அதுக்கே திட்டிக்கிட்டிருக்கா,” என்று ஹோல்கர் அவர் தோளில் கையைப் போட்டார். “எட்டு வீடு! ஒரு துரும்பு அசையல! வாய்யா, எங்க வீட்ல கிரில் போடறோம். எல்லாரும் வர்றாங்க. நீ இல்லாமலா?”

யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். வீபெக்கெ ஒரு பீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள். புகைக்குப் பக்கத்திலேயே நிற்பது எவ்வளவு சுகம் என்று தோர்கிலுக்கு அன்றுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, புகைமேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டார். அந்த நீலக் கோட்டும் முட்டையும் எல்லாம் தூக்கமில்லாத மூளையின் வேலை. போலீஸ்காரன் சொன்னது சரி. சோல்வையிடம் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வேலியோரம் ஒதுங்கி அவளைக் கூப்பிட்டார்.

“என்னய்யா இது, ஒரு கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து போன் பண்றே?” என்று சிரித்தாள் சோல்வை. “துண்டைத்தான் கதவுல மாட்டியாச்சே, இன்னும் என்ன வேணும்?”

“எந்தத் துண்டு? எங்க இருக்கே நீ?”

“நம்ம வீட்லதான். சீக்கிர ரயில்ல வந்துட்டேன். பெட்டியை இப்பதான் வெச்சேன். தோர்கில், எனக்கு அழுகையே வருது. புல் வெட்டி, வாசல் பெருக்கி, மேஜைல பூ வெச்சு, எனக்கு ஆம்லெட் மூடி வெச்சிருக்கே! நீ இப்படியெல்லாம் செய்வேன்னு நான் கனவுலகூட நினைக்கல.”

“சோல்வை, நான் ஹோல்கர் தோட்டத்துல நிக்கறேன். எல்லாரும் இங்கதான் இருக்காங்க.”

போனில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு யாரோ குழாயை மூடினார்கள்.

சோல்வையின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“அப்போ குளிக்கற ரூம்லேர்ந்து ‘தேங்க்ஸ், சோல்வை’ன்னு சொன்னது யாரு?”