ஒரே ஒரு வாய்

உலகத்தில் இப்படி ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பசிக்கிறதா என்று உங்களைக் கேட்கவே மாட்டார்கள். கேட்டால் இல்லை என்று சொல்லித் தொலைத்துவிடுவீர்களே! தட்டை நீட்டுவார்கள், நீங்கள் தள்ளினால் முகத்தைத் தொங்கப் போடுவார்கள், அந்த முகத்துக்கு இரங்கி நீங்கள் கையை வைத்தால் அடுத்த கரண்டியும் வந்து விழும். இவர்கள் வேதம் ஒரே வரிதான்: "ஒரே ஒரு வாய்தானே, என்ன ஆயிரும்?"

மலேசியாவின் ஈப்போ நகரத்தில் இந்த இனத்துக்குத் தலைவி கருப்பம்மாள். செமோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். தோட்டம் கைமாறியதும் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிவந்தார். வந்த அன்றே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, பெயர் கேட்பதற்கு முன்னால் "பசியாறிட்டியா?" என்று கேட்டார். அது வீரம்மாவின் வீடு. அவளுடைய கெட்ட நேரம்.

வீரம்மாவுக்குப் பகலில் தொழிற்சாலை வேலை, மாலையில் எடை தூக்குவது. ஆணழகன் போட்டி நமக்குத் தெரியும். எண்பத்தேழில் பெண்களுக்கும் ஒன்று என்று அறிவித்தார்கள். ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், சாப்பாட்டாலும் உழைப்பாலும் மட்டுமே உடம்பை ஏற்றுவேன் என்று வைராக்கியமாக இருந்தாள். எடை குறைந்தவர்கள் பிரிவில் பெயர் கொடுத்திருந்தாள். எல்லையைத் துளி தாண்டினாலும் மேடை இல்லை. ஆகவே தோலுரித்த கோழி, முட்டையின் வெள்ளைக்கரு, அவித்த கீரை. உப்புகூடக் கிடையாது.

கருப்பம்மாளுக்குப் பொறுக்குமா? "இது என்னாலா, ஆசுபத்திரிச் சோறு," என்று வடையோடு வருவார். "வேணாங்கா," என்றால், "வடையில என்னா இருக்கு? பருப்புதானே. பருப்பு நல்லதுன்னு நீதானே சொன்ன?" என்பார். வீரம்மாவால் கோபப்படவும் முடியாது. வெறும் வயிற்றோடு விடியற்காலையில் மரம் வெட்டப் போன மனுஷி அவர்; யாராவது பட்டினி கிடந்தால் அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிடும்.

போட்டி நாள் காலையில்தான் அந்த அநியாயம் நடந்தது. வீரம்மா ஜெயிக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்ட கருப்பம்மாள், சர்க்கரைப் பொங்கல் படைத்து, தூக்குச்சட்டியோடு மண்டபத்துக்கே வந்துவிட்டார். மேலே நெய் மிதந்தது.

"எடை பாத்துட்டு வந்து சாப்பிடுறேங்கா."

"பிரசாதம்லா. சாமிகிட்டயே பெறகு வாரேன்னு சொல்லுவியா?"

வீரம்மா ஒரு வாய் வாங்கினாள். "ஒத்த வாய் ஆகாதும்மா, சண்டை வரும்." இன்னொரு வாய். நெய் தொண்டையில் ஒட்டியது; ஒரு குவளைத் தண்ணீரும் உள்ளே போனது.

முந்தின நாள் எல்லைக் கோட்டைத் தொட்டு நின்ற தராசு முள், இப்போது கோட்டைத் தாண்டி நின்றது. எடை பார்த்த மாயாண்டி, "ஒரு மணி நேரத்துல எறக்கிட்டு வாம்மா. இல்லேன்னா பேரை வெட்டிருவேன்," என்றார். மாதக்கணக்காகப் பட்ட பாடு, இரண்டு வாய்ப் பொங்கலில் போகிறது. வீரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வேர்த்து எடை இறங்கட்டும் என்று கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, மண்டபத்தைச் சுற்றி வெயிலில் ஓட ஆரம்பித்தாள்.

கருப்பம்மாளுக்கு நெஞ்சு உறுத்தியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "மன்னிச்சிரும்மா, மன்னிச்சிரும்மா," என்று பின்னாலேயே ஓடினார். ஒரு சுற்று முடிந்தது. வீரம்மாவின் முகத்தில் வேர்வை வழிவதைப் பார்த்தார். பிறவிக்குணம் எங்கே போகும்? பையிலிருந்து ஃபிளாஸ்க் வெளியே வந்தது.

"எப்படி வேர்க்குது பாரு. மைலோதான், ஒரே ஒரு வாய்..."

வீரம்மா நின்றாள். ஃபிளாஸ்க்கை வாங்கி, மூடியில் ஊற்றி, அவரிடமே நீட்டினாள்.

"நீங்க குடிங்கக்கா."

"எனக்கு வேணாம்மா. வயிறு நெறஞ்சிருக்கு."

"ஒரே ஒரு வாய்தானே, என்ன ஆயிரும்?"

கருப்பம்மாள் மூடியை வாங்கிக் குடித்தார். ஒத்த வாய் ஆகாது என்று வீரம்மா மறுபடி ஊற்றினாள். அதையும் குடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான் வீரம்மாவால் நிம்மதியாக ஓட முடிந்தது.

கெடு முடிவதற்குள் முள் கோட்டுக்கு இறங்கியது. அன்று மாலை மூன்றாம் பரிசுக் கோப்பையோடு மேடையிலிருந்து இறங்கியவளைக் கட்டிக்கொண்டு அழுத கருப்பம்மாள், சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்: "எல்லாம் என் பொங்கல் குடுத்த தெம்புலா."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டு விருந்தில் ஒருவர், போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தாரே, அவருடைய விரல் இடுக்கில் பாயசம் ஊற்றியது யார்?