மார்ச் எட்டா, ஆகஸ்ட் மூன்றா

சட்டமன்ற உறுப்பினரும் என் உடன்பிறப்புமான தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். இரண்டு மாதமாக நீ போனை எடுக்காததால் நம்ப மட்டும்தான் முடிகிறது.

இது மன்னிப்புக் கடிதம். எனக்குப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள். தொழில் சங்கங்களின் மனுக்கள் எந்த அளவுக்கு உறுப்பினர்களின் பேச்சாக மாறுகின்றன என்று பார்க்க, நாலாயிரம் மனுவையும் ஒன்பதாயிரம் பேச்சையும் கணினியில் ஏற்றி ஒப்பிட்டேன் அல்லவா, முதல் தடவை எல்லோரும் எல்லோரையும் காப்பியடித்ததாக வந்தது, ஏனென்றால் "தங்கள் மேலான கவனத்துக்கு" எல்லாவற்றிலும் இருந்தது, அதை நீக்கியதும் பட்டியலின் தலையில் நீ வந்து நின்றாய். குளிர்பான வரியை எதிர்த்து நீ ஜூலையில் பேசியதும் உற்பத்தியாளர் சங்கத்தின் மனுவும் நூற்றுக்கு எண்பத்தாறு பங்கு ஒன்றேதான். "குளிர்பானம் உழைப்பாளியின் வியர்வைக்கு நாம் சொல்லும் நன்றி" என்ற வரிகூட. பள்ளி விடுப்புக் கடிதத்தையே என்னிடம் எழுதி வாங்கிய ஆள் நீ. அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கட்டுரையை வெளியிட்டேன். உன் சட்டமன்றக் குழுத் தலைவர் பதவி போனது. "அக்காவா நீ, எதிர்க்கட்சியா?" என்று கேட்டுப் போனை வைத்தாய்.

போன வாரம்தான் அந்த மனுவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தேதி 3/8. கணினி மாதத்தை முன்னால் வைத்து அதை மார்ச் எட்டு என்று படித்திருக்கிறது. அது ஆகஸ்ட் மூன்று. நீ பேசி மூன்று வாரம் கழித்து வந்த மனு! அவங்கதான் உன்னைப் பார்த்து எழுதியிருக்காங்க. இருபது வருஷமா மாணவர்கள்கிட்ட "தேதியைப் பாருங்க"ன்னு கத்தினவ நான். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோணல, தம்பி. எண்பத்தாறை நம்பினேன், கூடப்பிறந்தவனை நம்பல. திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. பதவி உன்னிடமே திரும்பட்டும்.

வெட்கத்துடன்,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் மனைவி எடுத்தாள். "அந்த நன்றி வரி அவனோடதுதானாம்" என்றேன். சிரித்தாள். "அவரா? அட போங்க அண்ணி! சங்கத்துச் செயலாளர் எங்க சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது. நல்லா வந்திருக்கு, வீணாப் போக வேணாம்னு அப்புறம் மனுவாவும் அனுப்பிட்டார்."

திருத்தம் இன்று காலை அச்சாகிவிட்டது. மேலே உள்ள மன்னிப்பை அடித்துவிட்டுப் படி. உன்னைக் கேட்கவில்லையே என்று பட்ட வருத்தமும் வீண். நான் கேட்டிருக்க வேண்டியது உன் மனைவியை.