பழுதற்ற காணிக்கை

அந்த ஈஸிசேரை ரிப்பேர் செய்தே தீருவது என்று ஒரு சனிக்கிழமை காலை சபதம் எடுத்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் சொந்தமாக எடுத்த ஒரே சபதம் அதுதான். அதையும் எடுக்காமல் இருந்திருக்கலாம்.

தாம்பரத்தில் எங்கள் வீட்டில் மற்ற எல்லாமே என் மனைவி ஜெயசீலியுடையது. பீரோ அவள் சீதனம். கட்டில் அவள் சீதனம். ரேடியோ என் சம்பளத்தில் வாங்கியதுதான். திருகும் உரிமை அவளுக்கு. அந்த ஈஸிசேர் மட்டும் நான் பிரம்மச்சாரியாக இருந்தபோது வாங்கியது. ஆபீசுக்குப் பீச் ஸ்டேஷன் வரைக்கும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புகிறவனுக்கு, சாயங்காலம் சாய அது ஒன்றுதான் கதி. அதில் நான் கால் நீட்டிவிட்டால் யாரும் என்னைக் கடைக்குப் போகச் சொல்ல மாட்டார்கள். எழுந்திருப்பதற்குள் கடையை மூடிவிடுவான்.

அதன் கால் ஒன்று விண்டு, கித்தான் கிழிந்து, போன மாதம் என்னையும் தரையில் கிடத்திவிட்டது. வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்றாள் ஜெயசீலி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ராஜகீழ்ப்பாக்கம் போய்த் தச்சர் சம்பந்தத்தைக் கையோடு அழைத்து வந்தேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், என்னையும் ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இன்னா சார், இதுல இன்னுமா குந்திக்கினு கீறீங்க?"

"அசல் தேக்கு, சம்பந்தம்."

"தேக்குதான் சார். அதான் உசுரோட கீறீங்க."

நான் ஜெயசீலியோடு சண்டைக்குத் தயாராக நின்றேன். சண்டை வரவில்லை. தச்சருக்குக் காபி வந்தது. கித்தான் கெட்டியாக இருக்கட்டும் என்றாள். ஒரு காலை மாற்றினால் போதும் என்று நான் சொல்ல, நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா என்று கேட்டாள். பாலிஷும் போடச் சொன்னாள். பெண்டாட்டி மனம் மாறிவிட்டாள் என்று உருகிப்போனேன். உருகுகிறவனுக்கு யோசிக்க எங்கே நேரம்? போனஸ் முழுக்க சம்பந்தத்தின் மடிக்குப் போயிற்று.

மறுவாரம் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. வீட்டுக்கு வீடு காணிக்கையாகக் கொடுத்த பொருள்களை ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள், பணம் சபைக்கு. நாங்கள் பூசணிக்காய் கொடுப்பது வழக்கம். அது ஜெயசீலியின் பொறுப்பு. நான் பாடகர் குழு என்பதால் விடிந்ததுமே போய்விட்டேன்.

ஒரு சேவல் போயிற்று. ஒரு வாழைத்தார் போயிற்று. அடுத்து மேஜைமேல் ஏறியது என் ஈஸிசேர். பாலிஷ் வெயிலில் பளபளத்தது. எனக்குக் கண் இருட்டியது. பெண்கள் பக்கம் ஓடி, இது என்ன அநியாயம் என்று ஜெயசீலியைக் கேட்டேன்.

"ஆண்டவருக்குப் பழுதானதைக் கொடுக்கக் கூடாதுங்க. அதனாலதான் இத்தனை வருஷமா கொடுக்கலை," என்றாள் ரொம்ப சாந்தமாக. "நல்லவேளை, நீங்களே சரி பண்ணிட்டீங்க."

அழுகை அழுகையாக வந்தது. என் நாற்காலியை நானே ஏலம் கேட்டேன். பின்னாலிருந்து யாரோ ஏற்றினார்கள். நான் ஏற்றினேன். மறுபடி ஏற்றினார்கள். எவன் அந்தப் பாவி என்று திரும்பினேன். கீழ்க்கட்டளையிலிருந்து வந்திருந்த என் மாமனார் லாசரஸ், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமனார் கேட்கும் பொருளுக்கு மருமகன் மேல்கேள்வி கேட்டால் சபை சிரிக்காதா? போதகர் வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை தானாக இறங்கியது. மணியை அடித்துவிட்டார்கள்.

ஏலம் முடிந்து மாமனார் என்னிடம் வந்தார். இதைக் கீழ்க்கட்டளைக்குத் தூக்கிக்கொண்டு போவது பெரிய பேஜார், உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. இந்த மனிதரையா பாவி என்றேன் என்று வெட்கமாகக்கூட இருந்தது. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் மாமா," என்றேன்.

"இருப்பேன் மாப்பிள்ளை. முன் அறையை ஜெயசீலி ஒழிச்சு வெச்சிருக்கா. என் பெட்டி படுக்கை மத்தியானமே வந்து இறங்கிடும்."